பேய் பாடிய பதிகம்: எது அசல்?

காரைக்கால் அம்மையாரின் ‘கொங்கை திரங்கி’ பதிகத்தை இரண்டு விதமாகக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று சபாக் கச்சேரியில். கம்பீரநாட்டை ராகம், மிருதங்கம், மூன்றே பாட்டு. அரங்கம் கைதட்டியது, பேய் மட்டும் வரவில்லை. இன்னொன்று மின்கிதாரும் முரசும் அலறலுமாக இளைஞர்கள் சிலர் பாடியது. அதில் பயம் இருந்தது, பக்தி இருந்ததா என்று உங்களுக்குச் சந்தேகம். இரண்டில் எது அசல், பழைய பண்ணில், அதாவது பழந்தமிழ் ராகத்தில், பாடிவிட்டால் அது அசலாகிவிடுமா, அம்மையார் தன்னைப் ‘பேய்’ என்று சொல்லிக்கொண்டதை அப்படியே எடுத்துக்கொள்வதா என்று மூன்று கேள்விகள். மூன்றும் ஒரே முடிச்சுதான் என்று நினைக்கிறேன். நெடுநாளாக இந்தப் பதிகத்தோடு பழகியவன், மாணவர்களுக்கு இதை நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ‘அசல்’ என்று எதைச் சொல்கிறோம்? அம்மையார் பாடியதாக நம் கையில் இருப்பவை 143 பாட்டுகள். அற்புதத் திருவந்தாதி 101, திருஇரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22. சைவப் பாடல் தொகுப்பான பன்னிரு திருமுறைகளில் பதினோராவதில் இருக்கின்றன. இந்த 143 பாட்டையும் தேடிப் பாருங்கள். மாம்பழம் இல்லை. கணவன் பரமதத்தன் இல்லை. கயிலைக்குத் தலையால் நடந்து போனதும் இல்லை. ‘காரைக்கால் பேய்’ என்ற பெயரும், பிறந்து மொழி பயின்ற நாள் முதலாகச் சிவன் சேவடியைப் பற்றியிருக்கிறேன் என்ற அறிவிப்பும்தான் அவர் தன்னைப் பற்றி நமக்கு விட்டுப்போனவை.

அவர் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு. 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரை ‘பேயார்க்கும் அடியேன்’ என்று இரண்டே சொல்லில் வணங்கிவிட்டுப் போகிறார். பேய்க்கு ‘ஆர்’ விகுதி போட்டு மரியாதை செய்த அந்த ஒரு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன்பின் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் கதை வளர்கிறது. சிவனுடைய மலையைக் காலால் மிதிக்கமாட்டேன் என்று தலையால் நடந்ததும், உமை நகைத்ததும், அவன் ‘என் அம்மை’ என்றதும் அங்கே வருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கு வந்தபிறகுதான் புனிதவதி என்ற இயற்பெயர், சிவன் அருளிய மாங்கனி, நாகப்பட்டினத்து வணிகனான கணவன், கப்பல் எல்லாம் சேர்ந்து நாம் அறிந்த வரலாறு உருவாகிறது. ‘பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்’ என்பதை அம்மையார் வாக்கு என்றே பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது சேக்கிழார் எழுதிய வரி. அறுநூறு ஆண்டு கழித்து ஒரு மகாகவி அம்மையாருக்காகப் பேசியது.

இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள், அப்படியானால் மாங்கனிக் கதை பொய்யா என்று. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள், கீழே இருப்பவர்கள் முண்டியடித்துப் பிடிக்கிறார்கள், பிள்ளை வேண்டுபவர்கள் அந்தப் பழத்தைப் பிரசாதமாக உண்கிறார்கள். மூலத்தில் இல்லாத மாம்பழம் அந்த ஊரில் எல்லாவற்றையும்விட உண்மையான பொருள். சமயத்தில் அசல் என்பதைக் காலத்தால் முந்தியது என்று மட்டும் கொண்டால் அந்தத் தெருவையே மறுக்க வேண்டிவரும். நான் மறுக்கமாட்டேன். ஆனால் மாம்பழக் கதையைக் கொண்டு சுடுகாட்டுப் பாட்டை மூடிவிடுவதையும் ஏற்கமாட்டேன். கற்புள்ள மனைவி, கணவன் போனதால் உடலை உதறினாள் என்று சொன்னவுடனே பேய்க்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது, நம் மனமும் ஆறிவிடுகிறது. பதிகத்தில் அந்த நியாயம் எதுவும் இல்லை. பேய் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி பண். ‘கொங்கை திரங்கி’க்கு நட்டபாடை, ‘எட்டி இலவம்’ பதிகத்துக்கு இந்தளம் என்று திருமுறைப் பதிப்புகள் குறிக்கின்றன. கோயில்களில் திருமுறை பாடும் ஓதுவார்களின் இன்றைய மரபில் நட்டபாடை கம்பீரநாட்டையாகவும், இந்தளம் பரவலாக மாயாமாளவகௌளையாகவும் பாடப்படுகின்றன. ஆக, உங்கள் சபாப் பாடகர் பண்ணைக் கைவிடவில்லை. அந்தக் கம்பீரநாட்டைதான் 6ஆம் நூற்றாண்டின் நட்டபாடையா என்றால், அதை யாரும் மெய்ப்பிக்க முடியாது. இந்த இடைவெளியை நம் மரபே ஒளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். திருமுறை கண்ட புராணம் என்ன சொல்கிறது? தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்திருந்தது. எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். பண்கள் மறந்துபோயிருந்தன. அப்போது எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கப்பட்டது. அதாவது, அறுந்தது, பிறகு ஒரு பாடகியின் தொண்டையிலிருந்து மீண்டும் முடிச்சிடப்பட்டது என்று அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. சென்னைத் தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சியும் அந்த முடிச்சை ஆராயும் வேலைதான். பண் தெரிந்த ஒருவர் பாடுவதும் பொருள் சொல்வதே. உரையாசிரியர் சொல்லால் செய்வதை அவர் சுரத்தால் செய்கிறார்.

நட்டபாடையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருஞானசம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’ எந்தப் பண்? அதுவும் நட்டபாடைதான். பால் குடித்த குழந்தையின் முதல் பாட்டும், நிணம் தின்னும் பேய்களைப் பாடிய மூத்த பதிகமும் ஒரே பண்ணில் இருக்கின்றன. பயத்துக்கு ஒரு ராகம், அழுகைக்கு ஒரு ராகம் என்று பிரித்துக் கேட்கத் திரைப்படப் பின்னணி இசை நம் காதைப் பழக்கிவிட்டது. கதவு கிறீச்சிட்டால் வயலின் கீறும், உடனே நாம் பயப்படத் தயாராகிவிடுவோம். மூத்த பதிகத்தில் அந்த ஏற்பாடு இல்லை. பிரகாசமான, மங்கலமான ஒலியில் சுடுகாடு விரிகிறது. நீங்கள் சபாவில் கேட்டபோது பேய் வராததற்குக் கம்பீரநாட்டை காரணமாக இருக்க முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். காரணம் வேறு. அதைப் பாட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதல் பாட்டு இது:

கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்றுப்
பங்கி சிவந்திரு பற்கள்நீண்டு பரடுயர் நீள்கணைக் காலோர்பெண்பேய்
தங்கி அலறி உலறுகாட்டில் தாழ்சடை எட்டுத் திசையும்வீசி
அங்கம் குளிர்ந்தனல் ஆடும்எங்கள் அப்பன் இடம்திரு ஆலங்காடே.

வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெள்ளைப்பல், ஒட்டிய வயிறு, செம்பட்டை மயிர், நீண்ட கோரைப்பல், துருத்திய கணுக்கால், நெடுங்கால். உறுப்பு உறுப்பாக எண்ணி முடித்தபிறகே ‘பெண்பேய்’ என்ற சொல் வருகிறது. அது அலறும் காட்டில் சடை எட்டுத் திசையும் வீச ஒருவன் ஆடுகிறான். நெருப்பில் ஆடுகிறான், ஆனால் உடல் குளிர்ந்திருக்கிறது. அவன் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது: ‘எங்கள் அப்பன்’. இந்த இடம் யாருடையது என்பதும் கடைசியில்தான். கேட்பவர் பாட்டின் மூன்றரை அடியையும் பேயோடு தனியாக நடந்து கடக்க வேண்டும். அதன்பிறகு அப்பன்.

பதிகத்தின் முதல் பத்துப் பாட்டிலும் இதே அமைப்புதான். எனக்குப் பாடம் சொன்ன ஓதுவார் இதை விளக்கியதில்லை, பாடிக்காட்டினார். ஒவ்வொரு பாட்டையும் முதல் சொல்லிலிருந்து நிறுத்தாமல் கொண்டுபோய் ஆலங்காட்டில் இறக்கிவிடுவார். பல கச்சேரிகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ‘எங்கள் அப்பன் இடம் திருஆலங்காடே’ என்பதைப் பல்லவி போல முதலில் எடுத்து, சங்கதி போட்டு, காது குளிரப் பாடிவிட்டுப் பிறகு ‘கொங்கை திரங்கி’க்கு வருகிறார்கள். அடைக்கலம் கிடைத்தபிறகு ஆபத்து வந்தால் யாருக்குப் பயம் வரும்? நீங்கள் கேட்ட கச்சேரியும் இந்த வகையாக இருந்திருந்தால் பேய் வராததில் வியப்பில்லை. ஒரு சுரமும் தவறாமல், பண்ணும் பிசகாமல், பதிகத்தைத் தலைகீழாக்கிவிட முடியும்.

இரண்டாம் பாட்டில் இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. கள்ளிக்கிளையின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்த கொள்ளியை எடுத்து மசித்து மையாக்கி, கண்ணில் தீட்டிக்கொண்டு, வெடுவெடென்று சிரித்து, வெருண்டு பக்கவாட்டில் பார்த்து, துள்ளி, பிணம் சுடும் தீ தன்னைச் சுட்டுவிட, சினந்து புழுதியை அள்ளிப் போட்டு அணைக்கிறது. எது? பாட்டில் எழுவாயே இல்லை. முதல் பாட்டின் பெண்பேய்தான் இங்கேயும் தொடர்கிறது. முதல் பாட்டை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்தால் ‘நீட்டி’, ‘வாங்கி’ போன்ற எச்சமெல்லாம், யார் செய்தது என்று தெரியாமல், ஆதரவில்லாமல் தொங்கும், மை தீட்டியது சிவனோ என்று கேட்பவர் தடுமாறுவார். கச்சேரிக்காக மூன்று பாட்டைப் பொறுக்கும்போது இதையெல்லாம் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

அந்தப் பாட்டில் இன்னொரு சொல்லையும் விட்டுவிடாதீர்கள்: ‘வெருண்டு’. பேய்தான் பயப்படுகிறது. மை தீட்டிக்கொண்டு சிரித்து, அடுத்த நொடி திடுக்கிட்டு, சுட்டுக்கொண்டு கோபப்படும் இந்தப் பேயை வெறும் பயமுறுத்தும் பொருளாக வைக்க முடியாது. இங்கேதான் மின்கிதார்க் குழுவின் வாசிப்பு எனக்குப் போதவில்லை. நீங்கள் விவரித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். அவர்கள் பேயை மீட்டுத் தந்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். சபாவில் காணாமல்போன நிணமும் அலறலும் அவர்களிடம் இருந்தன. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அலறல்தான் என்றால் மை தீட்டும் பேய்க்கு அதில் இடம் எங்கே?

ஐந்தாம் பாட்டைப் பாருங்கள். என் கணக்கில் பதிகத்தின் இதயம் அதுதான்.

விழுது நிணத்தை விழுங்கியிட்டு வெண்தலை மாலை விரவப்பூட்டிக்
கழுதுதன் பிள்ளையைக் காளியென்று பேரிட்டுச் சீருடைத் தாவளர்த்துப்
புழுதி துடைத்து முலைகொடுத்துப் போயின தாயை வரவுகாணா
தழுதுறங் கும்புறங் காட்டில்ஆடும் அப்பன் இடம்திரு ஆலங்காடே.

கழுது என்றால் பேய். கொழுப்பை விழுங்கிய வாயோடு அது தன் பிள்ளைக்கு மண்டையோட்டு மாலை பூட்டுகிறது. காளி என்று பெயர் வைக்கிறது. சீராக வளர்க்கிறது, மேலிருக்கும் புழுதியைத் துடைக்கிறது, பால் கொடுக்கிறது. பிறகு எங்கோ போய்விடுகிறது. தாய் திரும்பி வராததால் பிள்ளை அழுது, அழுதபடியே தூங்கிவிடுகிறது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது ‘விழுது நிணத்தை’ என்ற இடத்தில் முகம் சுளிக்கும் மாணவர்கள் ‘அழுதுறங்கும்’ என்ற இடத்தில் அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அருவருப்பும் இரக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள இந்த வாக்கியம் இடம் தரவில்லை.

இதெல்லாம் அம்மையாரின் சொந்தக் கற்பனையா, நேரில் கண்டதா என்று கேட்பவர்களுக்கு மூன்றாம் பாட்டைக் காட்டுவேன். நள்ளிரவில் வாகை மரத்தின் வெண்ணெற்று காற்றில் ஒலிக்கிறது அதில். குறுந்தொகை 7இல் இதே ஒலி இருக்கிறது. ஆரியக் கூத்தர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையைப் போல வாகை வெண்ணெற்று ஒலிக்கும் பாலை அது. கள்ளியும் கூகையும் பேய்மகளிரும் புறநானூறு 356இலேயே இருக்கின்றன. ஆக, அவர் ஒரு பழைய மொழியில் பேசுகிறார். மரபைக் கையாண்டால் அனுபவம் பொய் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மரபில் எதை மாற்றினார் என்று பார்த்தால்தான் அவர் கண்டது என்ன என்பது தெரியும். புறநானூற்றின் சுடுகாட்டில் அன்புக்குரியவர்கள் அழுத கண்ணீர் சுடலையின் சாம்பலை அவிக்கிறது. அந்தக் காடு எல்லாருடைய முதுகையும் பார்த்துவிட்டது, அதன் முதுகைப் பார்த்தவர் யாருமில்லை என்கிறார் புலவர். யாருக்கும் உரியதல்லாத, யாரையும் விடாத காடு. அம்மையாரின் காட்டில் அழும் உறவினர் ஒருவரும் இல்லை. தீயை அவிப்பது கண்ணீர் இல்லை, பேய் அள்ளிப்போடும் புழுதி. அழுவதும் பேய்ப்பிள்ளைதான். ஆனால் அந்தக் காட்டுக்கு இப்போது ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ‘அப்பன் இடம்’ என்ற இரண்டு சொற்கள் புறநானூற்றுக்கு அவர் சொன்ன மறுமொழி என்றே நான் படிக்கிறேன்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களை நான்கு என்கிறார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’. பேயும் தெய்வமும் ‘அணங்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘இறை’ என்பதற்கு இங்கே அரசன் போன்ற தலைவன் என்றே உரை. இருந்தாலும் அச்சத்தின் பட்டியலில் அந்தச் சொல் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆலங்காடு நினைவுக்கு வருகிறது. பயம் வேறு, பக்தி வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு, இதில் பயம் இருக்கிறது, பக்தி இருக்கிறதா என்று கேட்பது இந்தப் பதிகத்துக்குப் பொருந்தாத கேள்வி.

இசையைப் பற்றிப் பதிகமே பேசும் இடத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் பாட்டில் துத்தம், கைக்கிள்ளை, விளரி, தாரம், உழை, இளி, ஓசை என்று வரிசையாக வருகிறது. இவை பழந்தமிழ்ச் சுரங்களின் பெயர்கள். ‘ஓசை’ என்பதைக் குரல் என்ற சுரமாகக் கொண்டால் ஏழிசையும் நிறைந்துவிடும். தொடர்ந்து வாத்தியங்கள்: சச்சரி, கொக்கரை, தக்கை, தகுணிதம், துந்துபி, தாளம், வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை. சுடுகாட்டில் முழுக் கச்சேரி! இதை வாசிப்பது யார்? எச்சங்கள் ‘ஆடும் எங்கள் அப்பன்’ என்பதில் போய் முடிவதால் அவனே பாடி வாசித்து ஆடுகிறான் எனலாம். பேய்கள் வாசிக்க அவன் ஆடுகிறான் என்று வருவித்தும் கொள்ளலாம். இரண்டாம் பாட்டில் எழுவாயைப் பேய் என்று வருவிக்காமல் முடியாது என்பதால் இங்கும் அப்படியே கொள்ளத் தோன்றுகிறது எனக்கு. கடைசிப் பாட்டில் பகண்டை பாட, நரி யாழ் அமைக்கிறது. நரியின் ஊளை யாழாகும் இடத்தில் எந்தக் கருவி தூய்மையானது, எது தீட்டு? அதனால் மின்கிதார் என்ற காரணத்துக்காக மட்டும் அந்த இளைஞர்களை யாரும் விரட்ட வேண்டாம். நரிக்கு இடம் கொடுத்த பாட்டு கிதாருக்கும் இடம் கொடுக்கும்.

இந்தப் பதிகத்துக்கு மிகச் சரியாகப் பொருள் சொன்னவர்கள் சோழர் காலத்துச் சிற்பிகளும் வார்ப்புக் கலைஞர்களும்தான் என்பது என் முடிவு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடல்வல்லானுக்கு அருகே அம்மையார் இருக்கிறார். உட்கார்ந்த கோலத்தில் வார்த்த செப்புத்திருமேனிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். விலா எலும்பை எண்ணலாம், முலை வற்றித் தொங்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கையில் தாளம். முகத்திலோ பாடிக்கொண்டிருப்பவரின் நிறைவு. அவர்கள் எலும்பை மறைத்து அழகு செய்யவில்லை, பயமுறுத்துவதற்காகத் தாளத்தைப் பிடுங்கவுமில்லை. கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரே கோயிலில், 967இல் நிறுவப்பட்டது அது, ஆடும் சிவனின் பக்கத்தில் இருக்கும் மெலிந்த பெண்ணை அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மாம்பழக் கதை போய்ச் சேராத இடத்துக்கும் அந்த உடல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆகவே அம்மையார் பேயா என்றால், ஆம், அவர் சொல்லும் பொருளில் பேய்தான். ‘செடிதலைக் காரைக்காற்பேய்’ என்று தன் பாட்டில் கையொப்பமிடுகிறார். அதைப் பணிவுக்காகச் சொன்னது என்று கரைத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பேயைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கும் பாட்டு கடைசியில் பாடியவரே பேய் என்று சொல்லி முடிகிறது. அப்படியானால் முதல் பாட்டில் உறுப்பு உறுப்பாகக் கண்ட அந்த உடல் யாருடையது? புழுதி துடைத்துப் பால் கொடுத்தது யார்? சிவனே ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பிற்காலத்தார் சொன்னது ஐந்தாம் பாட்டைப் பாடிப்பாடி வந்த ஞானமாகக்கூட இருக்கலாம். இது என் ஊகம்தான்.

நீங்கள் பாடுபவர் என்றும் எழுதியிருந்தீர்கள். பதினொன்றையும் பாட நேரமில்லை என்றால் முதலிரண்டையும் பிரிக்காமல் பாடுங்கள், பிறகு ஐந்தாவது, கடைசியாகப் பதினொன்றாவது. ‘அப்பன் இட’த்தை முன்னால் எடுக்காதீர்கள். ஐந்தாம் பாட்டில் ‘அழுதுறங்கும்’ வரும்போது மிருதங்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம்பூராவோடு மட்டும் அந்தப் பிள்ளை தூங்கும்வரை காத்திருங்கள்.